கணவாய்க்கு அந்தப் பக்கம்

மாஸ்டருக்கு மலை பிடிக்கும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அவருக்குப் பிடித்தது தூக்கம். பேக்கரியில் ரொட்டி அடுப்பு பார்க்கிற மனிதர் ஊர் கண் விழிப்பதற்குள் எழுந்து மாவு பிசைந்தாக வேண்டும். வருஷம் பூராவும் அப்படி எழுகிறவர் லீவு கிடைத்தால் என்ன செய்வார்? இழுத்துப் போர்த்திக்கொண்டு படுப்பார். ஆனால் அவர் கட்டிக்கொண்டது தார்ப்பாய் அக்காவை. வாங்கி வந்த வரம் அப்படி. லீவு விட்டதும் முதுகில் மூட்டையைக் கட்டிக்கொண்டு மலை ஏற வேண்டியதுதான்.

தார்ப்பாய் அக்கா என்பது கடைத்தெரு வைத்த பெயர். லாரிகளுக்குத் தார்ப்பாய், கடைகளுக்கு வெயில் மறைப்பு, ஊர் சுற்றுகிறவர்களின் கிழிந்த பைகள் என்று கெட்டித் துணி எதுவானாலும் அவளுடைய மெஷினுக்குத்தான் வரும். ஊசி விரலில் ஏறினாலும் "ச்சே, துணி அழுக்காச்சே" என்று சொல்கிற பொம்பளை. கல்யாணமான புதிதில் ஒரு வழிப்போக்கன் கிழிந்த கூடாரம் ஒன்றைத் தைக்கக் கொடுத்தான். தையல் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று பார்க்க, கடை மொட்டைமாடியில் அதை விரித்துக் கட்டி உள்ளே போய்ப் படுத்தாள். படுத்தவள் விடிந்துதான் எழுந்தாள். அன்றைக்குப் பிடித்தது இந்தப் பைத்தியம். மிச்சம் மீதித் துணிகளைச் சேர்த்துத் தனக்கென்று ஒரு கூடாரம் தைத்துக்கொண்டாள். மகளுக்குக் கல்யாணம் ஆகி, பேரன் பிறந்து, மாஸ்டரின் தலையில் மாவு படாமலே நரை விழுந்த பிறகும் அந்தப் பைத்தியம் தெளியவில்லை.

கூட்டத்தோடு போவது அவளுக்கு ஆகாது. வழிகாட்டியும் வைத்துக்கொள்ள மாட்டாள். "கொடி பிடிக்கறவன் பின்னாடி வரிசையில போறதுக்கு நான் என்ன ஸ்கூல் பிள்ளையா?" என்பாள். வரைபடத்தைப் பார்த்து, ஆட்டுக்காரனிடம் வழி கேட்டு, கால் வலித்தால் உட்கார்ந்து, இவர்கள் இரண்டு பேருமாகப் போவார்கள். போகிற வழியெல்லாம் சண்டையும் போடுவார்கள். அதனால் அக்கா ஆரம்பத்திலேயே ஒரு ஏற்பாடு செய்திருந்தாள். கூடாரத்தின் துணி அவள் பையில், கம்பிகள் அவர் பையில். பகலில் எந்தப் பாறைக்குப் பின்னால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு போனாலும், பொழுது சாய்ந்தால் பனி தாங்காமல் இரண்டு பாதியும் ஒன்றுசேர்ந்துதானே ஆக வேண்டும். எத்தனையோ சண்டைகளை அந்தக் கூடாரம் தீர்த்து வைத்திருக்கிறது.

எல்லா மலையும் ஏறியாகிவிட்டது என்று சொல்லலாம், ஒன்றைத் தவிர. அந்தக் கணவாய். அதற்கு அந்தப் பக்கம் ஒரு ஏரி இருக்கிறது என்று பை தைக்க வந்தவர்கள் சொல்லிச் சொல்லி அக்காவின் மனசில் அது ஊறிப் போயிருந்தது. சிலர் சொல்லத் தெரியாமல் கையை மட்டும் விரித்துக் காட்டிவிட்டுப் போனார்கள். அதுதான் அவளை அதிகம் படுத்தியது. மூன்று வருஷத்துக்கு முன்னால் கிளம்பியும் போனார்கள். வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதையாக, கணவாய்க்குக் கீழே கடைசித் திட்டில் கூடாரம் போட்ட சாயங்காலமே அக்காவுக்கு இருமல் வந்தது. உயரம் ஒத்துக்கொள்ளாமல் நுரையீரலில் நீர் கோத்துக்கொண்டுவிட்டது. அப்புறம் நடந்தது எதுவும் அவளுக்கு ஞாபகம் இல்லை. கண் விழித்தபோது ஆஸ்பத்திரியில் இருந்தாள். மாஸ்டர் ஷூவைக்கூடக் கழற்றாமல் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

டாக்டரம்மா படிப்பைக் காட்டாமல் எளிமையாகச் சொன்னாள். "மரம் இருக்கற வரைக்கும் போங்க. வேணாம்னு சொல்லல. மரம் நின்னு போய் வெறும் புல்லும் கல்லும் ஆரம்பிக்குதுல்ல, அங்க உங்க காலே படக் கூடாது."

அதற்குப் பிறகு அக்கா ஏரியைப் பற்றிப் பேசவில்லை. பேசாததுதான் பயமாக இருந்தது. மெஷினில் துணியை ஓட்டிக்கொண்டே இருப்பாள், நூல் தீர்ந்தது தெரியாமல் வெறும் ஊசி குத்திக்கொண்டே போகும். சாப்பாட்டு மேசையில் மலையின் வரைபடத்தை விரித்து வைத்து, ஏரியைக் காட்டும் அந்த நீலப் புள்ளியின் மேல் விரலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். தாகம் என்றால் தண்ணீர் குடிக்கலாம், பசி என்றால் சோறு. இதற்கு என்ன கொடுப்பது? மகள் போனில் திட்டினாள். "ஏம்மா, இத்தனை மலை பாத்தியே, அது போதாதா? இக்கரைக்கு அக்கரை பச்சைம்மா." அக்கா "ஆமாம்டி" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தாள். வைத்த கையோடு மாஸ்டரைப் பார்த்தாள்.

"தடை எனக்குத்தான். உங்களுக்கு இல்லையே," என்றாள்.

"எதுக்கு?"

"நீங்க போய்ப் பாத்துட்டு வந்து சொல்லுங்க. நான் மரம் இருக்கற ஊர்ல உக்காந்திருக்கேன். என் கண்ணாப் போயிட்டு வாங்க."

மாஸ்டர் வாய் ஓயாத மனிதர். ரொட்டி அடுப்புக்குள் போன நேரத்தில்கூட அதோடு பேசிக்கொண்டிருப்பார் என்று பேக்கரிப் பையன்கள் கேலி செய்வார்கள். அவர் அன்றைக்கு "சரி" என்று மட்டும் சொன்னார். அக்கா சந்தோஷத்தில் அதைக் கவனிக்கவில்லை.

கடைசி ஊர் என்பது பத்துப் பன்னிரண்டு வீடுகள். அதில் ஒன்றுதான் விடுதி. பலகைச் சுவர், இரண்டு கட்டில், புகை வாசனை ஏறிய கம்பளி, நடுக்கூடத்தில் இரும்பு அடுப்பு. ஜன்னல் கண்ணாடியில் பாதி உடைந்துபோய் அங்கே பிளாஸ்டிக் தாள் ஒட்டியிருந்தது. மிச்சப் பாதி வழியாகக் கணவாய் தெரிந்தது, இரண்டு சிகரத்துக்கு நடுவே யாரோ கதவை லேசாகத் திறந்து வைத்த மாதிரி. விடுதிக்காரி நல்ல பருமன், நல்ல வாய். "சீசன் முடிஞ்சு போச்சு, நீங்க ரெண்டு பேருதான். ராஜா ராணி மாதிரி இருங்க," என்று சொல்லிக் கொதிக்கக் கொதிக்க சூப் வைத்தாள்.

மறுநாள் வெளுக்கும் முன்பே அக்கா எழுந்து பை கட்டினாள். கட்டிலின் மேல் எல்லாவற்றையும் குவித்து, எது அவருக்கு, எது தனக்கு என்று பிரித்துச் சுருட்டித் திணித்தாள். மாஸ்டர் குளிரில் பல் கிட்டித்து நின்றார். வாசலில் பையை அவர் முதுகில் ஏற்றிவிட்டு, வாரை இழுத்துச் சரி செய்தாள்.

"திட்டுல தங்கி, நாளைக்குக் காலையில கணவாய் ஏறுங்க. ஏறினதும் அந்தப் பக்கம் நல்லாப் பாருங்க. அவசரப்படாதீங்க. எல்லாத்தையும் பாத்துட்டு வரணும்."

"ஆகட்டும் மகாராணி."

அவர் வளைவில் மறையும் வரைக்கும் நின்று பார்த்தாள். அறைக்குத் திரும்பிப் படுத்தாள், புரண்டாள், எழுந்தாள். வெயில் ஜன்னலுக்கு வந்த பிறகு, ஸ்வெட்டர் எடுக்கலாம் என்று தன் பையைத் திறந்தாள். ஸ்வெட்டருக்கு மேலே, அழகாகச் சுருட்டி நாடா போட்டுக் கட்டியபடி, கூடாரத் துணி இருந்தது.

கம்பி அங்கே, துணி இங்கே. இருபத்தைந்து முப்பது வருஷமாகப் பிரித்த கை, இருட்டில் அதே மாதிரி பிரித்துவிட்டது. இதை மறதி என்று ஊர் சொல்லும். பழக்கம் என்று அக்கா சொன்னாள். அவள் உள்மனசு என்ன சொன்னது என்று நானும் கேட்கப்போவதில்லை, நீங்களும் கேட்காதீர்கள்.

அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. மாஸ்டர் வழியில் பையைத் திறக்கிற ஆள் இல்லை. ரஸ்கைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு கொறித்தபடியே போவார். திட்டுக்குப் போய்ச் சேர்ந்து, பொழுது சாய்ந்து, கூடாரம் போடத்தான் பையை அவிழ்ப்பார். அதற்குப் பிறகு இருட்டில் அந்தச் சரிவில் இறங்க முடியாது. பாட்டில் தண்ணீர் விடிவதற்குள் கல்லாகிப் போகிற இடம் அது.

அடுப்படிக்கு ஓடினாள். விடுதிக்காரி மாவு சலித்துக்கொண்டிருந்தாள்.

"மூட்டை ஏத்தற கோவேறு கழுதைக்காரர் கீழ போயிருக்காரு. சாயங்காலந்தான் வருவாரு," என்றாள். "மத்த வீட்டுல எல்லாம் ஆடு ஓட்டிட்டுப் போயாச்சு. நான் போகலாம்னா, இந்த முட்டியைப் பாருங்க. வாசப்படி இறங்கறதுக்கே கெஞ்ச வேண்டியிருக்கு."

"நான் போறேன்."

"நீங்களா? டாக்டர் என்னமோ சொன்னாங்கன்னு உங்க வீட்டுக்காரர் நேத்து அவ்ளோ பயந்துகிட்டுச் சொன்னாரே!"

"மெதுவாப் போறேன். அவரை வழியிலயே பிடிச்சிடுவேன். ஆமை வேகம் அவருக்கு."

விடுதிக்காரி மாவுக் கையோடு வந்து அவள் தாடையைப் பிடித்தாள். "மூச்சுல கொஞ்சம் சத்தம் கேட்டாலும், எங்க இருக்கீங்களோ அங்கயே திரும்பணும். திரும்பிடுவேன்னு எனக்குச் சொல்லிட்டுப் போங்க."

அக்கா சொன்னாள். துணியை முதுகில் கட்டிக்கொண்டு தெருவில் இறங்கினாள். இனி உண்மையைச் சொல்லிவிடுகிறேன். புருஷன் பனியில் விறைத்துப்போவானே என்று அவள் நெஞ்சு பதறியது நிஜம். அந்தப் பதற்றத்துக்கு அடியில், பழம் நழுவிப் பாலில் விழுந்த மாதிரி ஒரு சந்தோஷம் கிடந்ததும் நிஜம். இனி யாரும் அவளைப் போகாதே என்று சொல்ல முடியாது. அதை நினைத்து அவளுக்கு வெட்கமாக இருந்தது. ஆசை வெட்கம் அறியாது என்பார்கள். அக்காவுக்கு இரண்டும் சேர்ந்தே இருந்தன.

கடைசி மரம் ஒரு வளைந்த கிழட்டு மரம். காற்றுக்குப் பயந்து ஒரு பக்கமாகவே கிளை விட்டிருந்தது. அக்கா அதைத் தொட்டுவிட்டுத் தாண்டினாள். அப்புறம் புல், புல்லுக்குப் பிறகு கல். ஒரு மூச்சுக்கு ஒரு அடி என்று வைத்துக்கொண்டாள். வெயில் பட்ட கல்லின் வாசனை மூக்கில் ஏறியது. ஓடையின் ஓரத்தில் மெல்லிய பனித்தகடு ஒட்டிக்கொண்டு, அதற்கு அடியில் தண்ணீர் பேசிக்கொண்டே போனது. மூன்று வருஷமாக மெஷின் சத்தத்தையே கேட்டுப் பழகிய காது. நின்று நின்று கேட்டாள். இந்தக் குளிர், இந்த வெளிச்சம், கால் வைத்தால் சரியும் இந்தச் சில்லுக் கல் என எல்லாவற்றுக்கும் உடம்பு ஏங்கிப் போயிருந்தது அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது. கண்ணில் தண்ணீர் வந்தது. காற்று என்று சொல்லித் துடைத்துக்கொண்டாள், கேட்க யாரும் இல்லாவிட்டாலும்.

தலை லேசாகக் கனத்தது. மூச்சில் சத்தம் இல்லை. நிமிர்ந்து பார்க்கும்போதெல்லாம் கணவாய் கொஞ்சம் அகலமாகத் தெரிந்தது. இப்படியே போனால் என்ன என்று ஒரு நினைப்பு வந்தது. அவள் அதை விரட்டவில்லை.

திட்டுக்குச் சற்றுக் கீழே வீடு உயரத்துக்கு ஒரு பாறை. அதை நெருங்கும்போது பேச்சுக் குரல் கேட்டது. மாஸ்டரின் குரல். யாரோடு பேசுகிறார்? அக்கா பாறையைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தாள். மனிதர் தனியாகத்தான் இருந்தார். ஷூவைக் கழற்றி வெயிலில் காய வைத்து, பையை மெத்தை மாதிரி போட்டுச் சாய்ந்து, ரஸ்க் தின்றுகொண்டிருந்தார். மத்தியானத்துக்குள் திட்டுக்குப் போய்ச் சேர்ந்திருக்க வேண்டிய ஆள்.

"'ஏரி எப்படி இருந்துச்சுன்னா கேக்கற? பெருசு. ரொம்பப் பெருசு.' ம்ஹூம். எவ்ளோ பெருசுன்னு கேப்பா. 'நம்ம பஸ் ஸ்டாண்டு இருக்குல்ல, அந்த மாதிரி ஒரு ஐம்பது...' சீ, பஸ் ஸ்டாண்டா! செருப்பால அடிப்பா." ரஸ்கைக் கடித்தார். யோசித்தார். "'தண்ணி நீலம். சாதா நீலம் இல்ல. காஸ் அடுப்பைச் சிம்ல வெச்சா எரியுது பாரு, அந்த நீலம்.' ஆங், இது நல்லாருக்கு. 'கரை ஓரத்துல பனி, கேக்குக்குக் கிரீம் தடவி கத்தியால இழுத்த மாதிரி...' இது போதும். இதை நம்புவா. அப்புறம் பறவை. ஏரின்னா பறவை இருக்கணும். என்ன பறவைன்னு கேட்டா? தூரத்துல இருந்துச்சு, சரியாத் தெரியலன்னு சொல்லிக்கலாம்."

அக்காவுக்கு முதலில் சிரிப்பு வந்தது. அப்புறம் புரிந்தது. இவர் போகவில்லை, போகப்போவதும் இல்லை. இங்கேயே இரண்டு நாளை ஓட்டிவிட்டு, அடுப்பு நீலத்தையும் கேக்குக் கிரீமையும் கொண்டுவந்து அவளிடம் கொடுக்கப் பார்த்தார். அவளுக்கு உள்ளங்கால் முதல் உச்சந்தலை வரைக்கும் எரிந்தது.

"பறவை பேரு நான் சொல்லட்டுமா?" என்று கேட்டுக்கொண்டே முன்னால் வந்தாள்.

திருடனுக்குத் தேள் கொட்டிய மாதிரி விழிப்பார் என்று எதிர்பார்த்தாள். மாஸ்டர் விழிக்கவில்லை. அவர் முகம் வெளுத்துப்போனது. வெறுங்காலோடு கல்லின் மேல் தாவி வந்தார்.

"நீ எப்படி இங்க? மூச்சு... மூச்சு எப்படி இருக்கு?" என்று அவளைத் திருப்பி, ஸ்வெட்டரின் மேல் காதை வைத்து முதுகைக் கேட்டார். ஒரு பக்கம், மறுபக்கம், தோளுக்குக் கீழே.

"தள்ளுங்க. எனக்கு ஒண்ணும் இல்ல. துணியை என் பையில வெச்சுட்டேன், அதைக் கொடுக்க வந்தேன்." துணியை அவர் காலடியில் போட்டாள். "நல்லவேளை வந்தேன். ஏரியையும் பாத்துட்டேன் பாருங்க."

"கோச்சுக்காத..."

"கோச்சுக்காம? உங்களுக்கு ரெண்டு நுரையீரலும் கல்லு மாதிரி இருக்கு. காலு இருக்கு. கண்ணு இருக்கு. எனக்கு இல்லாததெல்லாம் உங்களுக்கு இருக்கு. அதை வெச்சுகிட்டு இங்க உக்காந்து ரஸ்க் தின்னுகிட்டு இருக்கீங்க. நான் என்ன கேட்டேன்? பொன்னு கேட்டேனா, பொருள் கேட்டேனா? அந்தப் பக்கம் எட்டிப் பாத்துட்டு வந்து சொல்லுங்கன்னு கேட்டேன். அதுக்குக்கூட நான் லாயக்கில்லாமப் போயிட்டேனா?"

கத்தியதில் மூச்சு வாங்கியது. மாஸ்டர் அவளை உட்கார வைத்தார். தானும் எதிரில் உட்கார்ந்தார். தலைக்கு மேலே தெரிந்த திட்டை அவர் பார்க்கவே இல்லை. அதற்கு முதுகைக் காட்டியே உட்கார்ந்தார்.

"வந்த உடனே போகத்தான் பாத்தேன்," என்றார். "அந்தத் திட்டு கண்ணுல பட்டதும் கால் வரல. மூணு தடவை எழுந்து போனேன். மூணு தடவையும் திரும்பி வந்தேன்."

"ஏன்?"

"உனக்கு அன்னிக்கு ஞாபகம் இல்ல. எனக்கு இருக்கு. அங்கதான் உன்னை மடியில போட்டுகிட்டு உக்காந்திருந்தேன். உன் வாயில நுரை நுரையா வந்துச்சு, துடைக்கத் துடைக்க வந்துச்சு. உதடு கருத்துப் போச்சு. கூப்பிட்டேன், நீ பேசல. சுத்தி ஒரு மனுஷன் இல்ல. நீ போயிட்டேன்னு நெனச்சேன்டி. கொஞ்ச நேரம் இல்ல, யாரோ ஒரு கழுதைக்காரன் வந்து உன்னைத் தூக்கற வரைக்கும் அப்படித்தான் நெனச்சேன். நீ செத்துக் கிடந்த இடத்தை மிதிச்சுகிட்டு நான் ஏரி பாக்கப் போகணுமா? நான் போக மாட்டேன். பொய் சொல்றேன், அடி வாங்கிக்கறேன்."

மூன்று வருஷமாக அந்தத் திட்டை நினைத்து அவளும் அழுதிருக்கிறாள். இன்னும் கொஞ்சம் நடந்திருந்தால் ஏரி, கை நழுவிப் போச்சே என்று அழுதாள். ஒரே வீட்டில், ஒரே கட்டிலில், ஒரே இடத்தை நினைத்துக்கொண்டு அவர் தூங்காமல் கிடந்ததும், காலையில் மாவு பிசையப் போகும் முன் தன் முதுகில் காதை வைத்துக் கேட்டுவிட்டுப் போனதும் அவளுக்கு இப்போதுதான் விளங்கியது. அதைக் கொஞ்சல் என்று நினைத்துக் கையால் தள்ளிவிட்டிருக்கிறாள். தன்னை நினைத்து அவளுக்கே கசந்தது.

எழுந்தாள். "ஷூவைப் போடுங்க."

"கீழ போலாம் வா."

"மேல. திட்டு வரைக்கும். இதோ இருக்கு, கூப்பிடு தூரம்."

"நீ வரக் கூடாது!"

"வந்தாச்சு. காதை வெச்சுக் கேட்டீங்கல்ல, சத்தம் இருந்துச்சா? இல்லல்ல? வாங்க."

அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். அடுப்புச் சூட்டில் காய்ந்து காப்புக் காய்ச்சிய கை, இப்போது குழந்தையின் கை மாதிரி அவள் கைக்குள் ஒடுங்கிக் கிடந்தது. ஒரு மூச்சுக்கு ஒரு அடி. திட்டின் விளிம்பில் மாஸ்டர் கண்ணை மூடிக்கொண்டார். அவள் இழுத்துக்கொண்டு போய் நடுவில் நிறுத்தினாள்.

"இப்பத் திறங்க. பாருங்க."

காய்ந்த புல். காற்றுக்கு மறைப்பாக யாரோ அடுக்கி வைத்த கல். துருப்பிடித்த தகர டப்பா ஒன்று. அதற்குப் பக்கத்தில் கோவேறு கழுதையின் சாணி, வெகு நாளைக்கு முன் போட்டது.

"நான் செத்த இடம் இதானா? கழுதை வந்து மரியாதை பண்ணிட்டுப் போயிருக்கு பாருங்க," என்றாள் அக்கா.

மாஸ்டருக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. அவள் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு இரண்டையும் செய்தார். பிறகு இருவருமாகத் துணியை விரித்துக் கம்பிகளைக் கோத்தார்கள். கூடாரம் எழுந்து நின்றது. அது நின்ற பிறகு அந்த இடம் எப்போதும் போல ஒரு இடமாகத் தெரிந்தது.

அங்கே நின்று அக்கா கணவாயைப் பார்த்தாள். இவ்வளவு பக்கத்தில் அதை நின்று பார்க்கப் போன தடவை இருமல் விடவில்லை. மேலே ஒரு மேகம் இல்லை. இப்போது கிளம்பினால் வெயில் தாழ்வதற்குள் ஏறிவிடலாம். கால் தயாராகத்தான் இருந்தது. அப்போது தொண்டையில் மெல்லிசாக ஒரு கமறல் எழுந்தது. அவள் அதை இருமலாக்காமல் விழுங்கினாள். மாஸ்டர் திரும்பிப் பார்த்தார். அவரிடமா மறைக்க முடியும்?

"இறங்கறேன்," என்றாள். அந்த ஒரு வார்த்தையைச் சொல்ல அவளுக்கு மலை ஏறியதைவிட அதிகம் மூச்சு வாங்கியது.

கடைசி மரம் வரைக்கும் அவர் கூட வந்தார். அங்கே மறுபடியும் முதுகில் காதை வைத்தார். கமறல் அடங்கியிருந்தது. "நானும் வந்துடறேன்," என்றார்.

"நீங்க வந்தா நான் திரும்ப மேல போயிடுவேன். நெஜமாச் சொல்றேன்." அக்கா அவர் சட்டைக் காலரைச் சரி செய்தாள். "எனக்குக் காஸ் அடுப்பு நீலம் வேணாம். நெஜ நீலம் வேணும். போயிட்டு வாங்க."

அவர் போனார். இந்தத் தடவை திரும்பித் திரும்பிப் பார்க்கவில்லை. சாண் ஏறினால் முழம் சறுக்கும் அந்தச் சரிவில் குனிந்து, நிதானமாக ஏறினார். அக்கா மரத்தைப் பிடித்துக்கொண்டு, கண் எட்டும் வரைக்கும் அவர் கூடவே ஏறினாள்.

மறுநாள் விடுதிக் கூடத்தில் அவள் இருப்புக்கொள்ளாமல் தவித்தாள். பொழுது நத்தையாக ஊர்ந்தது. சூப்பைக் கலக்கிக்கொண்டே விடுதிக்காரி, "ஏன் இப்படி அல்லாடறீங்க? நான் கல்யாணத்துக்கு முன்னாடி ஆடு ஓட்டிகிட்டு அந்தப் பக்கம் போயிருக்கேன். ஏரி எப்படி இருக்கும்னு நானே சொல்றேன், கேட்டுக்கங்க," என்றாள்.

அக்கா சடாரென்று அவள் வாயைப் பொத்தினாள். "சொல்லாதீங்க. அவர் வந்து சொல்லட்டும்."

மலை நிழல் வாசலுக்கு வந்தபோது மாஸ்டர் வந்து சேர்ந்தார். முகமெல்லாம் வெயில் தீய்த்திருந்தது, உதடு வெடித்திருந்தது. அக்கா அவரை அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார வைத்து, கீழே அமர்ந்து ஷூ கயிற்றை அவிழ்த்தாள். பனி ஒட்டி முடிச்சு இறுகியிருந்தது. பல்லால் கடித்து இழுத்தாள்.

"ஏறினீங்களா?"

தலையை ஆட்டினார்.

"எட்டிப் பாத்தீங்களா?"

ஆட்டினார்.

"சொல்லுங்க."

மாஸ்டர் வாயைத் திறந்தார். மூடினார். கையைக் கொஞ்சம் விரித்தார், அதையும் மடியில் போட்டுக்கொண்டார். விடுதிக்காரி சூப்பை நீட்டினாள், அவர் வாங்கவில்லை.

"நீலமா? பச்சையா?"

அவர் தலை ஆமாம் என்றும் ஆடவில்லை, இல்லை என்றும் ஆடவில்லை.

"பெருசா? கரையில பனி இருந்துச்சா? ஏங்க, ஏதாவது சொல்லுங்க. ரெண்டு வார்த்தை சொல்லுங்க."

"நீ இருந்திருக்கணும்," என்றார் மாஸ்டர். அதற்கு மேல் அவரால் முடியவில்லை. கண்ணீர் உதட்டு வெடிப்பில் இறங்கி எரிந்திருக்க வேண்டும், துடைத்துக்கொள்ளக்கூட இல்லை. உடைந்த ஜன்னலின் மிச்சக் கண்ணாடி வழியாக அவர் கணவாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்தப் பார்வையை அக்காவுக்குத் தெரியும். சாப்பாட்டு மேசையில், அந்த நீலப் புள்ளியின் மேல் விரல் வைத்துக்கொண்டு அவள் பார்த்த பார்வை அது. தூக்கத்தைத் தவிர எதற்கும் ஏங்காத மனிதருக்கு அந்த ஏக்கத்தை அவளே கொடுத்து அனுப்பியிருக்கிறாள். அவளுக்குப் பொறாமையாக இருந்தது. புருஷன் மேல் இப்படி ஒரு பொறாமை வரும் என்று அவள் நினைத்ததில்லை. அவர் போய் வந்ததில் பெருமையும் இருந்தது. இனி எந்தக் காலத்திலும் அங்கே தான் போகப்போவதில்லை என்பது அவரைப் பார்த்த அந்த நிமிஷம்தான் அவளுக்கு உறைத்தது.

ஷூவை ஓரமாக வைத்துவிட்டு, அவர் முழங்காலில் தலையைச் சாய்த்துக்கொண்டாள்.

"அந்தக் காஸ் அடுப்பு நீலத்தையாவது சொல்லுங்க," என்றாள். "பொய்யாவே சொல்லுங்க. நான் நம்பறேன்."

மாஸ்டர் அவள் தலையில் கையை வைத்தார். சொல்லிப் பார்க்கத்தான் பார்த்தார். அதுகூட அவருக்கு வரவில்லை.